விருந்தாளிக்கு எடுக்கும் மொழி

ஸ்லோனிம்
28 நவம்பர் 2011

எலோய்,

அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுந்து நடக்க மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். வாசலில் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி விழுந்த மனுஷன், விழுந்தபடியே பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு முதலில் கோழிக்கூண்டை மூடச் சொன்னாராம். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ்.

நீ தினமும் போன் செய்கிறாய், நான் எடுப்பதில்லை. எடுத்தால் உன் குரல் கேட்கும். டிவியில் கௌபாய் முதல் ஜப்பானியக் கார்ட்டூன் பூனை வரை எல்லாவற்றையும் டப்பிங்கில் உங்கள் ஊர்க் கலீசிய மொழியில் பேச வைக்கும் குரல். அதைக் கேட்டால் “சரி, விடு” என்று நானே சொல்லிவிடுவேன். காகிதத்துக்குக் குரல் இல்லை. அதனால் கடிதம்.

அப்பாவுக்காகத்தான் கிளம்புகிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி, பன்றி அடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை.

உன் அம்மா வீட்டில் அன்றைக்கு எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. உன் அக்காவுக்குக் குடல் கழுவ, உன் சித்தப்பாவுக்குக் கத்தி தீட்ட. எனக்கு மட்டும் ஜன்னலோரம் ஒரு நாற்காலி. ஆறு வருடமாக அதே நாற்காலி. உங்களுக்குள் கலீசியத்தில் “டேய் தடியா, அந்த வாளிய இங்க தள்ளுடா” என்று கத்திக்கொண்டிருக்கும் அத்தை, என் பக்கம் திரும்பினால் முகத்தையே மாற்றிக்கொள்வார். “தைசா, தாங்கள் குளிரில் நிற்க வேண்டாம். உள்ளே அமர்ந்துகொள்ளுங்கள்.” பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஸ்பானியம்.

ரத்தம் பிடித்த பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்த உன் அக்கா குழந்தை அழுகிறது என்று ஓடிவிட்டாள். கிளறாவிட்டால் அது கட்டி தட்டிவிடும் என்று பன்றி வளர்த்த எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். எங்கள் ஊரிலும் பன்றிதான். நான் எழுந்து கலீசியத்தில் சொன்னேன்: “ரத்தம் கட்டிக்கப் போகுது, யாராச்சும் கிளறுங்க!” ஐந்து வருடம் தனியாக உட்கார்ந்து கற்ற மொழி, எலோய்.

என்ன நடந்தது? எல்லோரும் கை தட்டினீர்கள். “அடடா, எவ்வளவு அழகாகப் பேசுகிறார்!” என்று ஸ்பானியத்தில் பாராட்டினார் உன் சித்தப்பா. கிளி பேசினால் தட்டுவது போல. நீயும் தட்டினாய். தட்டி முடிப்பதற்குள் ரத்தம் கட்டிவிட்டது. இந்த வருடம் ரத்த தோசை இல்லாமல் போனதற்கு உங்கள் வீட்டில் இன்னும் காரணம் தெரியாது.

இங்கே இசைப்பள்ளியில் பியானோ ஆசிரியர் வேலை ஒன்று காலியாகிறது. மார்ச் முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள். நான் திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை.

தைசா

*

சாந்தியாகோ
12 டிசம்பர் 2011

என் தைசா,

மாமாவின் உடம்பு தேறட்டும். கோழிகளையும் கேட்டதாகச் சொல்.

இந்தக் கடிதத்தைக் கலீசியத்தில் எழுதுகிறேன், கவனித்தாயா? நாம் சந்தித்ததிலிருந்து உனக்கு இந்த மொழியில் நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதும்போது கை கூசுகிறது. யாரோ ஒரு புதுப் பெண்ணுக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது.

கை தட்டியதற்கு என்னைத் திட்டு. அம்மாவைத் திட்டாதே. எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் தங்கக் கோடு போட்ட தட்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் எங்களுக்கு என்றைக்காவது சோறு போட்டிருக்கிறாளா? விருந்தாளிக்குத்தான் எடுப்பாள். ஸ்பானியமும் அவளுக்கு அப்படித்தான். இருப்பதில் நல்லதை உனக்கு எடுத்து வைக்கிறாள். அது மரியாதைக் குறைவு என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள். நம் கல்யாணத்தில் உன் அப்பா என்னிடம் பேசியது எந்த மொழி? ரஷ்யம். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பான ரஷ்யம். திரும்பி உன்னிடம் பேசியது வேறு, உங்கள் பெலருசியம். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் மொழி மாறுகிறது என்று காது சொல்லிவிட்டது. அது என் தொழில். ஆறு வருடத்தில் உன் மொழியில் ஒரு வார்த்தை எனக்கு நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாயா? கேட்டால், “உனக்கு எதுக்கு அது, எங்க ஊர்லயே யாரும் பேசறதில்ல” என்பாய்.

உன் மொழியும் என் மொழியும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ஐரோப்பாவின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தப் பக்கத்தில் ஒன்று. ஆனால் இரண்டுக்கும் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவன், எனக்கு ஸ்பானியம், உனக்கு ரஷ்யம். ‘இது தனி மொழியா என்ன, என் பேச்சைத்தான் கெடுத்துப் பேசுகிறார்கள்’ என்கிற பெரியவன். நாமும் அவன் எதிரில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். இதில் நீ மட்டும் ஏன் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாய்?

வேலையைப் பற்றி எழுதியதை மூன்று தரம் படித்தேன்.

எலோய்

*

ஸ்லோனிம்
2 ஜனவரி 2012

எலோய்,

உன் கலீசியக் கடிதத்தைப் படித்தேன். நீ சொன்ன அதே கூச்சம் எனக்கும். எழுத்துக்குப் பின்னால் உன் முகம் வரவில்லை, குதிரையில் வரும் அந்தக் கௌபாய்தான் வந்தான். நாம் காதலித்தது, கடன் வாங்கி வீடு பிடித்தது, என் அம்மா இறந்த செய்தி வந்தபோது நீ என்னைப் பிடித்துக்கொண்டு நின்றது, எல்லாமே ஸ்பானியத்தில். இரண்டு சின்ன மொழிக்காரர்கள் ஒரு பெரிய மொழிக்குள் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

அப்பாவைப் பற்றி நீ சொன்னது சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் தைத்தது. வார்டில் என்னிடம், “உசுரு போகுதுடி பொண்ணே, எலும்புக்குள்ள எவனோ ஆணி அடிக்கிறான்” என்று முனகுகிற ஆள், டாக்டர் வந்து ரஷ்யத்தில் கேட்டதும் நிமிர்ந்துகொள்கிறார். “சற்று வலி இருக்கிறது, டாக்டர். பரவாயில்லை.” ஆணி அடிப்பது ரஷ்யத்துக்கு மாறும்போது ‘சற்று வலி’ ஆகிவிடுகிறது. டாக்டர் மாத்திரையையும் குறைத்துவிட்டுப் போய்விட்டார். நான் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. நானும் ரஷ்யத்தில்தான் சொன்னேன்.

ஆனால் நம் இரண்டு மொழியும் ஒன்று என்று சொல்லாதே. உங்களுக்குப் பாடப்புத்தகம் இருக்கிறது, டிவி இருக்கிறது, அரசாங்க ஆபீஸ் இருக்கிறது. அந்த மொழியைப் பேசிக் காட்டுவதற்கு உனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். எங்களுக்கு மெட்ரோ இருக்கிறது. கதவு மூடப் போகிறது, கவனம் என்று சொல்லும் குரல் பெலருசிய மொழியில் வரும். மின்ஸ்கில் ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, இன்றைக்கு என் மொழியில் என்னிடம் பேசியது அந்தக் கதவு ஒன்றுதான் என்று நினைத்தபடி நான் வீடு திரும்பியிருக்கிறேன்.

நம்பிக்கை இல்லையென்றால் வா. வந்து ஒரு கடையில் எங்கள் மொழியில் ரொட்டி கேட்டுப் பார். என்ன பதில் வருகிறதென்று பார்த்துவிட்டுப் பேசு.

தைசா

*

சாந்தியாகோ
20 ஜனவரி 2012

தைசா,

வருகிறேன். பிப்ரவரி நடுவில், இரண்டு வாரம் லீவு. விசாவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

பெலருசிய வானொலியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு ஸ்டூடியோவில் இடைவேளைகளில் பேசிப் பழகுகிறேன். சவுண்டு எஞ்சினியர், “என்ன அண்ணே, தொண்ட கட்டிருச்சா?” என்று கேட்கிறான். அர்த்தம் தெரிவதற்கு முன்னாலேயே உச்சரிக்கிற தொழில் எனக்கு, அதனால் கஷ்டமில்லை. உன் மொழி வாயில் போட்டால் மிருதுவாக இருக்கிறது. இதையா ஆறு வருடம் ஒளித்து வைத்திருந்தாய், கஞ்சப்பிசினாரி?

ரொட்டி கேட்கிறேன் பார்.

எலோய்

*

சாந்தியாகோ
27 பிப்ரவரி 2012

தைசா,

நான்கு நாள் முன்னதாகக் கிளம்பி வந்ததற்கு மாமாவிடம் ஏதோ காரணம் சொல்லியிருப்பாய். உன்னிடம் நான் காரணம் சொல்லவில்லை, வாசலில் நீ கேட்கவும் இல்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தக் கடையில் ஒரு கருப்பு ரொட்டி கேட்டேன். ஒரு மாதம் பழகிய வாக்கியம். தப்பில்லாமல் வந்தது, அது எனக்குத் தெரியும். கடைக்காரம்மா என்னைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தார். நீ முகம் சிவந்து, ரஷ்யத்தில் அவரிடம் சொன்னாய்: “மன்னிச்சுக்கோங்க, இவர் வெளிநாட்டுக்காரர். தெரியாம பேசிட்டார்.”

எனக்கு அவ்வளவு ரஷ்யம் புரியும்.

பதில் ரஷ்யத்தில் வந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன், நீதான் எச்சரித்திருந்தாயே. ஆனால் உன் மொழியைப் பேசியதற்காக உன் ஊர்க்காரியிடம் என் சார்பில் நீ மன்னிப்புக் கேட்டாய். குழந்தை சபையில் கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாய். பிறகு ரெண்டு நாள் நாம் உருளைக்கிழங்கு அடையையும் மோரையும் வைத்துக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேசினோம். மாமாவோ என்னிடம் கடைசி வரை இஸ்திரி போட்ட சட்டை.

நான் கை தட்டினேன். நீ மன்னிப்புக் கேட்டாய். எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என்னைக் கூண்டில் நிறுத்தி வைத்து மூன்று மாதம் விசாரித்தவள் நீ.

அந்த வேலை உனக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனாலும் எடுத்துக்கொள்.

எலோய்

*

ஸ்லோனிம்
11 மார்ச் 2012

எலோய்,

நான் வெட்கப்பட்டேன். வேறு சொல் இல்லை.

அந்தக் கடைக்காரம்மா என் கூடப் படித்தவளின் தாய். எங்கள் ஊரில் கடையில் நின்று அந்த மொழியைப் பேசினால் இரண்டில் ஒன்று என்று எடுத்துக்கொள்வார்கள். ஒன்று, கிராமத்திலிருந்து இன்றைக்குத்தான் பஸ் ஏறி வந்த ஆள். இல்லையென்றால் அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுவதற்காகப் பேசுகிற ஆள், வம்பு. வெறுமனே ரொட்டி வேண்டும் என்பதற்காகப் பேசுகிறவர் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கே தோன்றவில்லை. உன் வாயில் அது அவ்வளவு சுத்தமாக வந்தபோது சந்தோஷப்படுவதற்கு முன்னால் பயம் வந்துவிட்டது. உன் வீட்டில் எனக்கு வலித்த அதே இடத்தில் உன்னைக் குத்தியிருக்கிறேன். குத்தினது தெரிந்தும் வாசலில் வாயைத் திறக்காமல் நின்றேன்.

நீ போன மறுநாள் அப்பா கேட்டார்: “பையன் ஏன் போயிட்டான்? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா?”

“நீங்க அவன்கிட்ட நம்ம பேச்சுல பேசியிருக்கணும்பா. அவன் அதுக்குத்தான் படிச்சுட்டு வந்தான்.”

“போடி இவளே. படிச்ச பையன், டிவில பேசறவன். அவன்கிட்டப் போய் இந்த மாட்டுக்கொட்டகைப் பேச்சையா பேசுவாங்க? என்னப் பத்தி என்ன நெனப்பான்?”

“அவனும் மாட்டுக்கொட்டகை வீட்டுப் பையன்தான்பா.”

“அப்படின்னா அவன்கிட்ட இன்னும் நல்லா பேசணும்.”

உன் அம்மா பேசியது போலவே இருந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இசைப்பள்ளிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அப்பா கோல் ஊன்றி நடக்கிறார். அவரைத் தனியாக விடவும் முடியவில்லை, உன்னை விட்டு இங்கே இருக்கவும் முடியவில்லை. அத்தையிடம் இதைப் பற்றியெல்லாம் பேசினாயா?

தைசா

*

சாந்தியாகோ
20 மார்ச் 2012

தைசா,

பேசினேன். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கட்டிப்போன ரத்தம் உட்பட. அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

“அவளுக்கு அது வருத்தமா?”

“ஆமாம்மா. உன் மருமகளா இருக்க வந்தவள, நீ விருந்தாளியாவே வெச்சிருக்க.”

“நான் உன்கிட்டப் பேசற மாதிரி அவகிட்டப் பேசினா, செத்துப்போன அவங்க அம்மா என்னடா நெனப்பா? பியானோ வாசிக்கிற பொண்ணைக் கொண்டுபோய்ச் சாணி மிதிக்க விட்டுட்டேனேன்னு நெனக்க மாட்டாளா?”

“அவதான் கேக்கறா.”

“கேட்டா? எனக்கு வரணுமேடா. அவ மொகத்தப் பாத்ததும் வாயில வேற வந்துடுது. இஸ்கூல்ல இதப் பேசினதுக்கு முட்டி போட வெச்சாங்க. எழுபத்து நாலு வயசுக்கு மேல நான் என்னத்த மாத்திக்க?”

ஆக, அம்மா மாற மாட்டாள். உன்னிடம் பொய் சொல்லி அழைக்க மாட்டேன். நானும் முழுசாக மாறுவேன் என்று சொல்ல முடியாது. உன் எதிரில் கலீசியம் பேச எனக்கு இன்னும் கூச்சம்தான். முயற்சி செய்வேன்.

கேட்பது ஒன்றுதான். மாமாவை அழைத்துக்கொண்டு வா. அவரைத் தனியாக விட்டுவிட்டு வரச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அம்மா வீட்டில் கீழ் அறை காலியாக இருக்கிறது, படி ஏற வேண்டாம். எனக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஒரு மாதம் மாட்ரிட்டில் வேலை. பெரிய படம், நல்ல சம்பளம், பேசப் போவது ஸ்பானியத்தில். சிரிக்காதே. நான் இல்லாத வீட்டுக்கு வரச் சொல்கிறேனே என்று தோன்றினால், வரவே வேண்டாம் என்று எழுதிவிடு. வந்தால் நான் திரும்பி வருகிற வீட்டில் நீ இருப்பாய்.

உன் எலோய்

*

வில்லால்பா, உன் அம்மா வீடு
6 மே 2012

எலோய்,

வந்து பத்து நாள் ஆகிறது. அப்பா சுகம். இசைப்பள்ளி வேலை வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது, நன்றாக வாசிப்பாளாம். அப்பாவை அழைத்துவர அங்கே கண்ணீர் வடிக்க வேண்டியிருந்தது. “என் கெழங்க யாருடி நடுவா?” என்று ஒரே பிடிவாதம்.

இங்கே என் நிலைமை பழையபடிதான். “தைசா, தாங்கள் காபி அருந்துகிறீர்களா?” நான் கலீசியத்தில் “குடுங்க அத்தை” என்பேன். அத்தை ஸ்பானியத்தில் சர்க்கரை எவ்வளவு என்பார். அவரும் விடுவதில்லை, நானும் விடுவதில்லை. வந்த இரண்டாம் நாளே, இது இப்படியேதான் இருக்கும், இருந்தாலும் இது என் வீடு என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். நிஜமாகவே நிம்மதியாக இருந்தது.

வேடிக்கை அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில்தான். முதல் நாள் அத்தை அப்பாவிடம் ஸ்பானியத்தை எடுத்தார். அப்பா விழித்தார். அப்பா மரியாதையாக ரஷ்யத்தை எடுத்தார். அத்தை விழித்தார். நல்ல மொழி என்று ஆளுக்கு ஒன்றுதான் வைத்திருந்தார்கள், அது எதிராளியிடம் செல்லுபடியாகவில்லை. நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். ரெண்டு நாளில் இருவருக்கும் அலுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் அத்தை கலீசியத்திலும் அப்பா எங்கள் ஊர்ப் பேச்சிலும் நேராகவே பேச ஆரம்பித்துவிட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை. இவர் சொல்வது அவருக்குப் புரிவதில்லை, அவர் சொல்வது இவருக்குப் புரிவதில்லை, பேச்சு மட்டும் நிற்பதில்லை.

இன்றைக்கு உருளைக்கிழங்கு நடவு. அத்தை விதைக்கிழங்கை வழக்கம்போலக் கத்தியால் வெட்டி வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா கோலை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். பார்த்ததும் பதறிவிட்டார்.

“அய்யய்யோ, ஏம்மா வெட்டற? இந்த ஈர மண்ணுல வெட்டினது அழுகிடும். முழுசா வை, முழுசா!” என்று கையால் உருட்டிக் காட்டினார்.

அத்தைக்குக் கை ஜாடை புரிந்துவிட்டது. “முழுசாவா? ஒண்ணுல மூணு கண்ணு இருக்கு, மூணு செடி வரும். உங்க ஊர்ல கெழங்கு மானத்துலேருந்து கொட்டுதா?”

“சின்னதாப் பாத்துப் பொறுக்கணும்மா, கோழி முட்டை அளவு...”

“என் அப்பன் வெட்டினான், நான் வெட்டறேன். வந்தாரு பாரு எனக்குச் சொல்லித் தர!”

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். இருவருமே என்னைப் பார்க்கவில்லை. அப்பா குனிய முடியாத இடுப்பை வைத்துக்கொண்டு, வெட்டாத சின்னக் கிழங்காகப் பார்த்துத் தன் தொப்பிக்குள் பொறுக்கிப் போட ஆரம்பித்தார். அத்தை தொப்பியைப் பிடித்து இழுத்தார். அப்பா விடவில்லை. அத்தை முகம் தக்காளியாகச் சிவந்து, கத்தியை ஓங்கியபடியே என் பக்கம் திரும்பினார்.

“ஏண்டி தைசா, மரம் மாதிரி நின்னு வேடிக்க பாத்துட்டிருக்க? உங்கப்பனப் புடிச்சு அந்தக் கல்லுமேல உக்கார வைடி! என் வெதையெல்லாம் தொப்பில அள்ளிட்டுப் போறாரு மனுசன்! அந்தக் கூடையத் தூக்கு, வெயில் ஏறுது, சோம்பேறிக் கழுதை!”

கலீசியத்தில், எலோய். எனக்கு. முழுசாக.

அத்தை அதைக் கவனிக்கவே இல்லை. சொல்லிவிட்டு மறுபடியும் அப்பாவோடு மல்லுக்கட்டப் போய்விட்டார். அப்பாவைக் கல்லில் உட்கார வைத்தேன், கூடையைத் தூக்கினேன், சாயங்காலம் வரை நட்டேன். பாதி வரிசை வெட்டின கிழங்கு, பாதி வரிசை முழுக்கிழங்கு. எது முளைக்கிறதென்று பார்த்து ஜூனில் அடுத்த சண்டை நடக்கும்.

போனில் அத்தையிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. தெரிந்தால் வெட்கப்பட்டுப்போய் நாளைக்கே ‘தாங்கள்’ என்று ஆரம்பித்துவிடுவார். ஆறு வருடத்தில் இது முதல் திட்டு. நான் இன்னும் நிறைய வாங்க வேண்டும்.

உன் தைசா